அடைப்புக்குறிக்குள் ஆறு வருஷம்

பதினோரு மணி டீ வந்துபோன கையோடு லூர்துராணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மலர்க்கொடியின் அறைக் கதவை யாரும் சாத்துவதே கிடையாது. வேலைக்கூடமான ஷாப்பில் கிரைண்டர் ஓடும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். சத்தம் சட்டென்று அடங்கியதில் தலைநிமிர்ந்து பார்த்தாள். லூர்துராணி ஒரு நீலநிற ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. இந்தக் கம்பெனிக்கு ஆள் சேர்ப்பதும் அனுப்புவதும் இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. மேலப்புதூர்க்காரி, யூனியன் ஆட்களையே வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்புகிறவள். அவள் அழுது மலர்க்கொடி பார்த்ததில்லை.

"அக்கா, இதுல நீங்கதான் கையெழுத்துப் போடணுமாம். சேர்மன் போன் பண்ணாரு. மூணு மணிக்கு ராகு காலமாம், அதுக்குள்ள மெயில் போகணுமாம்."

ஆள் நாலு பேர் இருந்தால் மேடம், தனியே இருந்தால் அக்கா. அது லூர்துராணியின் வழக்கம்.

ஃபைலில் இருந்தது ஒரு நியமன ஆணை. ஜெயக்குமார் என்று ஒருவர், சென்னை முகவரி. பதவி, தலைமை நிர்வாகி. மாதச் சம்பளம் ஆறு லட்சம் ரூபாய். கார், டிரைவர், வீட்டு வாடகை எல்லாம் தனி. ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும். மூன்றாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன் கீழே அச்சாகியிருந்தது: மலர்க்கொடி, தலைமை நிர்வாகி (பொறுப்பு).

சும்மா சொல்லக் கூடாது, மனுஷிக்கு ஒன்றுமே ஆகவில்லை. மூன்று பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தாள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தாள். வெல்டிங் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், எங்கே ஓட்டை இருக்கிறதென்றுதான் தேடும்.

"அஞ்சாவது ஷரத்துல தேதி தப்பு ராணி. ஜூன் முப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கு. ஜூனுக்கு முப்பதுதான்."

"தேதியாக்கா இப்ப முக்கியம்?" என்றாள் லூர்துராணி. அவளுக்குக் குரல் உடைந்தது. "உங்கள விட நாலு மடங்குக்கா. நாலு மடங்குக்கு மேல."

மலர்க்கொடி பேனாவை எடுத்து முப்பத்தொன்றைச் சுழித்தாள். திருத்தி வேறு பிரதி எடுத்து வரச் சொன்னாள்.

அந்த அடைப்புக்குறிச் சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கார் ஆபீஸ் வாசல்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டாட்சியர் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொறுப்பு என்று போட்டிருக்கும். இன்னொருத்தருடைய நாற்காலி, இவர் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார், அசல் ஆள் வந்ததும் எழுந்துவிடுவார் என்று அர்த்தம். திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் இருக்கும் இந்தத் தனியார் கம்பெனிக்கு அந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், சேர்மன் நவநீதன் ஒரு காலத்தில் பொதுப்பணித் துறையில் இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்பு பெரிய ஆலையிலிருந்து வரும் பாய்லர் வேலைகள் அடியோடு வற்றிப்போன சமயம், அப்போதிருந்த தலைமை நிர்வாகி மூன்றரை லட்சம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைசாக நழுவிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்த நேரம். அந்த நாற்காலிக்கு எந்த ஆண்பிள்ளையும் வரவில்லை. சேர்மன் தரச்சோதனையில் இருந்த மலர்க்கொடியைக் கூப்பிட்டு, "மூணே மாசம் பாத்துக்கம்மா, அதுக்குள்ள ஆள் தேடிடறோம்" என்றார். சம்பளத்தோடு பத்தாயிரம் பொறுப்புப் படி.

மூன்று மாதம் ஆறு வருஷமானது. ஜீயபுரத்தில் வாழைக்கு நடுவில் வளர்ந்து, ஊரிலேயே முதல் ஆளாக இன்ஜினியரிங் படித்த பெண். ரயில் பெட்டிக்கு அடிச்சட்டம் செய்யலாம் என்று அவள் சொன்னபோது, பாய்லர் செய்த கையால் அதைச் செய்வதா என்று சொந்த ஆட்களே முகத்தைச் சுளித்தார்கள். ரயில் பெட்டி ஆலைகள் இருக்கும் கபுர்தலாவுக்கும் சென்னைக்கும் அலைந்து அவள் ஆர்டர் பிடித்தாள். காற்றாலைத் தூணுக்கு வளையம் செய்து கொடுத்தாள். நூறு வேலைக்குப் பதினொன்று பழுதென்று திரும்பி வந்த இடத்தில் இப்போது ஒன்று வந்தாலே ஷாப்பில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நாற்பது கோடி வியாபாரம் நூற்றுப் பத்துக்குப் போனது. இத்தனைக்கும் ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்றாம் வருஷம் ஒருமுறை, பதவியை நிரந்தரமாக்கச் சொல்லி மென்று முழுங்கி ஒரு கடிதம் எழுதினாள். பதிலாகப் படி பதினைந்தாயிரம் ஆயிற்று. அந்த ஆயுத பூஜைக்கு மேடையில் பட்டுப்புடவை கொடுத்து, "இவங்கதான் நம்ம கம்பெனியோட மகாலட்சுமி" என்றார் சேர்மன். எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

பெருக்குகிறவரிலிருந்து பெரிய மேனேஜர் வரைக்கும் யாருக்கு நியமன ஆணை போனாலும் அதில் தலைமை நிர்வாகி கையெழுத்து இருக்க வேண்டும் என்பது சேர்மன் போட்ட சட்டம். அப்போதுதான் வருகிறவனுக்குக் கௌரவம் என்பார். அதன்படிதான் அந்த ஃபைல் அவள் மேஜைக்கு வந்தது. வேண்டுமென்று யாரும் அவளை அவமானப்படுத்தவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

திருத்திய பிரதியோடு லூர்துராணி இன்னொரு தாளையும் கொண்டுவந்து வைத்தாள். "இதையும் பாத்துடுங்கக்கா. பார்க்காம நீங்க கையெழுத்துப் போடக் கூடாது." கம்பெனியில் பணம் போட வரும் மும்பைக்காரர்கள் தயாரித்த அறிக்கையின் ஒரு பக்கம் அது. அதில் ஒரு வரியை அவள் பென்சிலால் கோடிட்டிருந்தாள். தலைமை நிர்வாகி பதவி கடந்த ஆறு ஆண்டுகளாகக் காலியாக உள்ளது, அப்படியிருந்தும் நிறுவனம் குறிப்பிடத்தக்க வளர்ச்சி கண்டுள்ளது, தகுதியான ஒருவரை நியமித்தால் வளர்ச்சி மேலும் கூடும் என்று இருந்தது.

இதை எழுதின இரண்டு பையன்களும் போன மாதம் இந்த அறைக்குத்தான் வந்தார்கள். இரண்டு நாள் அவள்தான் ஷாப்பைச் சுற்றிக் காட்டினாள். ஒருத்தனுக்குப் பூண்டு ஆகாது என்று தனிச் சாப்பாடு வரவழைத்துப் போட்டாள். அந்தச் சாப்பாட்டையும் காலி நாற்காலிதான் ஆர்டர் பண்ணியிருக்கும் போல. மலர்க்கொடி 'அப்படியிருந்தும்' என்ற சொல்லை இரண்டு தரம் பார்த்தாள். பல் பிடுங்கப் போகும்போது ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் இன்னொருத்தர் கன்னம் மாதிரி இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். வருகிறவருக்குக் கீழே அந்த மூன்று வருஷத்தை ஓட்டிவிடலாம், அது ஒன்றும் மலையில்லை. ஆனால் போன ஆறு வருஷம் காலி என்று எழுதிவிட்டார்களே. அதை மட்டும் எப்படியாவது மாற்றிவிட வேண்டும். ஃபைலை எடுத்துக்கொண்டு காரை அவளே ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினாள்.

அம்மா மண்டபம் ரோட்டில் அடுக்குமாடி ஒன்றின் முதல் மாடி சேர்மன் வீடு. எழுபத்தாறு வயசு. பூஜை முடித்து, சாப்பிட்டு, ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, அதில் நடிப்பு இல்லை.

"வாம்மா மலர். சாப்பிட்டியா? கோமளா, மலர் வந்திருக்கு பாரு. கையெழுத்து ஆச்சாம்மா?"

"இன்னும் இல்ல சார். ஜூன் முப்பத்தொண்ணுன்னு இருந்துச்சு. திருத்தி எடுத்துட்டு வந்திருக்கேன்."

"பாத்தியா! உன்ன விட்டா இதெல்லாம் யாரு கண்ணுல படும்?" அவர் மனைவி கோமளா கொண்டுவந்த மோரை அவள் கையில் கொடுக்கச் சொன்னார். "இந்தா பாரு, ஜெயக்குமார் வந்தாலும் எல்லாம் நீதான். அவரு பாம்பேக்காரனுக்குக் காட்டுற முகம். பேங்க்ல போய் உக்காரணும், நாலு பேரோட விருந்து சாப்பிடணும், இங்கிலீஷ்ல அடிச்சு விடணும். உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி?"

பேங்கில் ஆறு வருஷமாக யார் போய் உட்கார்ந்தார்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆறு லட்சம் போட்டிருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

"மார்க்கெட் ரேட்டும்மா. அதுக்குக் கீழ வரமாட்டேன்னுட்டாரு. குடும்பஸ்தரு, ரெண்டு பசங்க காலேஜ்ல. உனக்கு என்ன, உன் வீட்டுக்காரருக்குப் பெரிய ஆலையில ராஜா மாதிரி சம்பளம், கைலாசபுரத்துல குவார்ட்டர்ஸ். அதுவும் இல்லாம நீ நம்ம வீட்டுப் பொண்ணு. வீட்டுப் பொண்ணுகிட்ட யாராவது சம்பளம் பேசுவாங்களா?"

இதைச் சொல்லும்போது கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேல் கோபப்படலாம் என்று மலர்க்கொடி முயன்று பார்த்தாள், வரவில்லை. திட்டி அனுப்பியிருந்தால்கூட ஏதாவது வந்திருக்கும். மோரை முழுசாகக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சம்பளம் பேச வரல சார். ஒரே ஒரு லெட்டர் கேக்க வந்தேன். அவர் ஒண்ணாம் தேதிதான் வரார். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அந்தப் பன்னெண்டு நாளைக்கு என் பேருக்குப் பக்கத்துல இருக்கிற பொறுப்புங்கிறத எடுத்துடுங்க. ஆறு வருஷமா அந்தப் பதவி காலி இல்ல, இவதான் இருந்தான்னு ஒரு வரி. ஒரு ரூபா ஏத்த வேணாம். ஒண்ணாம் தேதி நானே எழுந்துக்கறேன்."

சேர்மன் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ கேட்டு நான் இல்லன்னு சொன்னதில்ல மலர். இத மட்டும் கேக்காதம்மா. காலின்னு எழுதிக் குடுத்தாச்சு. பதவி காலி, அதுக்கு ஆள் போடறோம், அதுக்குத்தான் அவன் பணமே போடறான். இப்பப் போய் ஆள் இருந்துச்சு, கம்பெனிய மூணு மடங்கு ஆக்குச்சுன்னு சொன்னா, அப்புறம் எதுக்குய்யா மாத்துறேன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்லுவேன், நீயே சொல்லு."

அவள் யோசித்துப் பார்த்தாள். வழக்கம்போல எங்கே விரிசல் என்று தேடிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் இல்லை. அந்த ஆறு வருஷமும் நன்றாக ஓடியதால்தான் அதை மறைக்க வேண்டியிருக்கிறது. நஷ்டத்தில் ஓட்டியிருந்தால் இன்னார்தான் ஓட்டினார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இதற்கெல்லாம் அழவாவது செய்யலாம் என்று தோன்றியது. அழுகையும் வருவதாகக் காணோம். மணி இரண்டே முக்கால் என்று சேர்மன் மெதுவாக ஞாபகப்படுத்தினார். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டு, போனில் படமெடுத்து அங்கிருந்தே மெயிலையும் அனுப்பினாள்.

"நல்லா இரும்மா" என்றார் சேர்மன். அவருக்குப் பாரம் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று கோமளா தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பச்சை ரவிக்கைத் துணி வைத்துக் கொண்டுவந்தாள். மலர்க்கொடி குங்குமம் இட்டுக்கொண்டாள். பிறந்த வீட்டிலிருந்து புக்ககம் போகிற பெண்ணை அனுப்புகிற மாதிரி இரண்டு பேரும் வாசல் வரை வந்து நின்றார்கள். போயிட்டு வரேன் சார், போயிட்டு வரேம்மா என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. பக்கத்தில் புதுப்பாலத்து வேலை நடப்பதால் இது தினப்படி கூத்து. மேட்டூர்த் தண்ணீர் வந்து நாலு நாளாகியிருந்தது, கீழே ஆறு கலங்கலாக ஓடியது. என்ஜினை அணைத்துவிட்டு, ரவிக்கைத் துணி இருந்த பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம் மேடம், என் பேரு அல்ஷிஃபா. எம்.பி.ஏ. முடிச்சிட்டு பி.எச்.டி. பண்றேன் மேடம். கம்பெனியோட தலைமை நிர்வாகி ஆணா இருந்தா, பெண்ணா இருந்தா, சம்பளத்துலயும் கம்பெனி லாபத்துலயும் என்ன வித்தியாசம் வருதுன்னு ஒரு ஆய்வு. உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி சி.இ.ஓ. நம்பர் கேட்டேன். லூர்துராணி மேடம் யோசிக்காம இந்த நம்பரக் குடுத்தாங்க. அஞ்சே நிமிஷம் பேசலாமா மேடம்?"

பேசிக்கொண்டே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. நல்ல சுறுசுறுப்பான பெண் போல. மலர்க்கொடி கேளுங்கம்மா என்றாள்.

"உங்க சி.இ.ஓ. ஆணா, பெண்ணா மேடம்?"

"காலின்னு ஒரு கட்டம் இருக்காம்மா?"

"இல்ல மேடம். ரெண்டுதான் இருக்கு."

மலர்க்கொடி போனை மறு காதுக்கு மாற்றினாள். "பெண்" என்றாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததே அவளுக்கு வினோதமாக இருந்தது. எத்தனை வருஷமா மேடம், ஆறு. வந்தப்போ வியாபாரம் எவ்வளவு, நாற்பது கோடி. இப்போ, நூற்றுப் பத்து. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் ஆஹா, சூப்பர் மேடம் என்றாள். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்விகளை இந்த வரிசையில் ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. பதில் சொல்லச் சொல்ல அவள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா, வருஷச் சம்பளம் மேடம். பேரு எங்கயும் வராது."

"பதினாறு லட்சத்து ஐம்பத்தாறாயிரம்."

தட்டுகிற சத்தம் நின்றது. "மேடம், ஒரு சைபர் விட்டுப்போச்சா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"சிவப்பா வருது மேடம். சி.இ.ஓ. சம்பளம் இருபத்தஞ்சு லட்சத்துக்குக் கீழ இருக்காதுன்னு எங்க கைடு ஃபாரத்த அப்படி வெச்சிருக்காரு. கீழ போட்டா தப்பான பதில்னு மொத்தமா தள்ளிடும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் வேணா இருபத்தஞ்சுன்னு போட்டுக்கவா மேடம்? இல்லன்னா உங்க கம்பெனியே ஆய்வுல இல்லாம போயிடும். இந்தச் சுத்துவட்டாரத்துல எனக்குக் கிடைச்ச ஒரே பெண் சி.இ.ஓ. நீங்கதான் மேடம்."

இருபத்தைந்து என்று ஒரு எண்ணைப் போட்டால் போதும், ஆறு வருஷமும் எங்கேயோ ஒரு ஏட்டில் இருந்துவிடும். பெண், ஆறு வருஷம், நூற்றுப் பத்து கோடி. பார்க்கிறவர்கள் பரவாயில்லையே, நல்ல சம்பளமும் கொடுத்திருக்கிறார்களே என்பார்கள். சரி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் தொண்டைக்குக் கீழே எங்கேயோ சுருக்கென்று வலித்தது. காலையிலிருந்து அவளுக்கு வலித்த முதல் இடம் அதுதான்.

"நான் சொன்ன நம்பரையே அடிங்கம்மா."

"மேடம், அது ஏத்துக்காது மேடம்."

"பரவால்ல, அடிங்க. ஒண்ணு. ஆறு. அஞ்சு. ஆறு. அப்புறம் மூணு சைபர்."

அந்தப் பெண் அடித்தாள். ஒவ்வொரு எண்ணாக அடிபடும் சத்தம் காதில் தெளிவாக விழுந்தது. "சிவப்புதான் மேடம்."

"மறுபடி அடிங்க."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் நின்ற லாரியும் போய்விட்டது. பாலம் அக்கரை வரை வெயிலில் நீளமாகக் கிடந்தது. பின்னால் ஆட்டோக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் அழுத்தினான். யாரோ இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். மலர்க்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கல்லூரியில் சொல்லிக் கொடுப்பவளைப்போல நிதானமாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒண்ணு. ஆறு. அஞ்சு.